கிணற்று நீரில் எவ்வளவு உப்பு இருப்பது இயல்பு?

தண்ணீர்ப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கியதும் பெரும்பாலானோர் நேராக ‘அனுமதிக்கப்பட்ட அளவு’ என்ற பத்திக்குப் போய்விடுவார்கள். தங்கள் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆய்வகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அங்கேதான் உறுத்தும்.

ஒரு பெரியவர் கொண்டுவந்த கிணற்று நீரைச் சொல்கிறேன். உப்பின் ஒரு பாகமான குளோரைடு லிட்டருக்கு 180 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி 250 வரை ஏற்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1000 வரை விடுகிறார்கள். நைட்ரேட் 38, அதற்கு எல்லை 45. “எல்லாம் லிமிட்டுக்குள்ளதானே மேடம் இருக்கு?” என்றார். இருந்ததுதான். ஆனால் அதே தெருவிலிருந்து முன்பு வந்த சாம்பிள்களில் குளோரைடு ஐம்பது அறுபதுக்குமேல் போனதில்லை. செப்டிக் டேங்க் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். தன்னுடையது தள்ளித்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்தான் மதிலை ஒட்டிப் புதிதாகக் கட்டியிருக்கிறார் என்றார். கிருமிப் பரிசோதனைக்குத் தனியாகச் சாம்பிள் எடுத்துவரச் சொன்னோம். மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி இருந்தது.

எண்ணை எல்லையோடு ஒப்பிடுவதற்கு முன்னால் அந்த ஊரின் தண்ணீரோடு ஒப்பிட வேண்டும் என்ற யோசனைக்கு நூற்று முப்பது வயதுக்கு மேலாகிறது. அதற்காக ஆய்வக மேசையில் இரவு பகலாக நின்றவர் எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண். மனிதச் சூழலியல் என்ற துறையின் முன்னோடிகளில் ஒருவர். நம் ஊரில் ஹோம் சயின்ஸ், அதாவது மனையியல், படித்தவர்கள்கூட அவர் பெயரைத் தேர்வுக்காகப் படித்து மறந்திருப்பார்கள்.

1842 டிசம்பர் 3 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டன்ஸ்டபிள் என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. கடையில் அப்பாவுக்கு ஒத்தாசை, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று காசு சேர்த்து, 25 வயதில்தான் வாசர் கல்லூரிக்குப் போக முடிந்தது. 1870-இல் பட்டம். அதே ஆண்டு பாஸ்டனில் இருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) வேதியியல் படிக்க விண்ணப்பித்தார். அதுவரை அங்கே ஒரு பெண்ணும் படித்ததில்லை. சேர்த்துக்கொண்டார்கள், கட்டணமும் வேண்டாம் என்றார்கள். கைச்செலவுக்குத் தவிக்கும் பெண் என்று இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்ததாகவே அவர் நினைத்தார். யாராவது கேள்வி கேட்டால் ‘அவள் எங்கள் மாணவியே இல்லை’ என்று சொல்லிக்கொள்ள வசதியாக அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன் என்று பிறகு சொல்லியிருக்கிறார்.

உள்ளே போனவர் என்ன செய்தார் தெரியுமா? படிப்போடு ஆய்வகத்தைப் பெருக்கித் துடைத்தார், பேராசிரியர்களுக்குக் கிழிந்ததைத் தைத்துக் கொடுத்தார். பெண் இருப்பதால் இவ்வளவு உபயோகம் என்று தெரிந்தால் எதிர்ப்பு அடங்கும் என்பது கணக்கு. படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆய்வகங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் முழுசாக அந்நியமாகிவிடவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது.

1873-இல் எம்.ஐ.டி. பட்டம் பெற்ற முதல் பெண் ஆனார். 1875-இல் அங்கேயே சுரங்கவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ரிச்சர்ட்ஸைத் திருமணம் செய்தார். தேனிலவு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், கணவரின் மாணவர் கூட்டத்தோடு! கல்லும் தாதும் பார்க்கும் பயணம் அது. 1876-இல் பெண்களுக்கென்று தனி ஆய்வகம் திறக்கப்பட்டபோது சம்பளமில்லாமல் அங்கே கற்பித்தார், கைப்பணமும் போட்டார். 1883-இல் அதை மூடி, பெண்களைப் பொது வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு சுகாதார வேதியியலில் ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்ற கீழ்நிலை ஆசிரியர் பதவி கிடைத்தது. 1911-இல் இறக்கும்வரை அதே பதவிதான்.

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். 1887-இல் மாசசூசெட்ஸ் சுகாதார வாரியம் மாநிலம் முழுவதும் உள்ள குடிநீர் ஆதாரங்களைப் பரிசோதிக்க முடிவுசெய்தது. தலைமை தாமஸ் டிரௌன் என்ற வேதியியலாளருக்கு. சாம்பிள்களோடு மல்லுக்கட்டிய ஆய்வகத்தை நடத்தியது எல்லன். இரண்டு ஆண்டுகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சாம்பிள்கள். அத்தனையும் கையால். தானியங்கிக் கருவி வைத்துக்கொண்டே மூச்சுமுட்டும் எங்களுக்கு அந்த எண்ணின் எடை தெரியும்.

அவர்கள் துப்பாகப் பிடித்துக்கொண்டது குளோரைடை. காரணம் எளிது. நாம் சாப்பிடும் உப்பு அநேகமாக அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும். மற்ற கழிவுகள் மண்ணில் மக்கி உருமாறும். குளோரைடு மக்காது, மண்ணும் அதைப் பிடித்துவைக்காது, தண்ணீரோடு நடந்துகொண்டே இருக்கும். ஆகவே சாக்கடை கலந்த கிணற்றில் குளோரைடு ஏறியிருக்கும். சிக்கல் என்னவென்றால், கடற்காற்றும் உப்பைக் கொண்டுவந்து மழையோடு இறக்குகிறது. அப்படியானால் இந்த உப்பு கடலுடையதா, மனிதனுடையதா?

இதற்கு விடைதான் ‘இயல்பான குளோரின் வரைபடம்’ (குளோரைடை அன்று குளோரின் என்றே எழுதினார்கள்). ஆள் நடமாட்டமில்லாத நீர்நிலைகளின் எண்களை மாநில வரைபடத்தில் குறித்து, சம அளவுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தார்கள். கோடுகள் கடற்கரையை ஒட்டியே வளைந்து வளைந்து போயின. கரையோரம் அதிகம், உள்ளே போகப்போகக் குறைவு, மேற்குக் குன்றுகளில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டி நின்றுவிட்டது. இனி எந்த ஊர்க் கிணறானாலும், அந்த இடத்துக் கோட்டைவிட எண் ஏறினால் மனிதர் கைவரிசை இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். குன்றுப்பக்கத்துக் கிணற்றில் 6 வந்தால் கவலைப்பட வேண்டும். கடலோரத்தில் அதே 6 சாதாரணம்.

குளோரைடு பார்க்கும் முறை இன்றும் பெரிதாக மாறவில்லை. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பொட்டாசியம் குரோமேட் விட்டால் மஞ்சளாகும். மேலே பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கினால் பால்போலக் கலங்கும். குளோரைடு தீர்ந்த அந்தச் சொட்டில் மஞ்சளுக்குள் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும், குலுக்கினாலும் மறையாது. அங்கே நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். ஒரு சொட்டு அசந்தால் எண் தப்பு.

தண்ணீரில் சாக்கடை கலந்ததா என்று தேடிய அந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. மெரிமாக் ஆற்றில் லோவெல் நகரம் சாக்கடையை விட, கீழே இருந்த லாரன்ஸ் நகரம் அதே ஆற்று நீரைக் குடித்து டைபாய்டில் விழுந்தது. 1893-இல் லாரன்ஸில் மணல் வடிகட்டி வைத்த பிறகே டைபாய்டு தணிந்தது.

எல்லனுக்குத் தண்ணீர் ஒரு சங்கிலியின் ஒரு கண்ணிதான். காற்று, உணவு, வீடு, வேலை எல்லாமே மனிதன்மேல் என்ன செய்கின்றன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அவருடைய மனிதச் சூழலியல். 1892-இல் பாஸ்டன் கூட்டமொன்றில் இதைத் தனி அறிவியலாக முன்வைத்தார். முதலில் சோதித்தது தன் வீட்டில்தான். ஜமைக்கா பிளெயினில் இருந்த அந்த வீட்டுத் தண்ணீரைப் பரிசோதித்தார், கரி அடுப்பை எடுத்துவிட்டு எரிவாயு வைத்தார், காற்று வந்துபோக வழிசெய்தார், தூசி தேங்கும் கம்பளங்களை எடுத்துப் போட்டார்.

எல்லாமே வெற்றி என்று எழுதினால் அது புகழ்மாலை ஆகிவிடும். 1890-இல் ஏழைத் தொழிலாளர்களுக்காக பாஸ்டனில் ‘நியூ இங்கிலாந்து சமையற்கூடம்’ என்று ஒன்றைத் தொடங்கினார். மலிவு, சத்துக்கணக்கெல்லாம் சரி. ஆனால் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்திருந்த மக்களுக்கு அந்தச் சப்பென்ற சாப்பாடு பிடிக்கவில்லை. அவரவர் வீட்டு ருசியை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. விழிப்புணர்வு வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்ப இடறும் இடமும் இதுதான்: சத்தை அளந்துவிடுவோம், சாப்பிடுகிறவரைக் கேட்க மறந்துவிடுவோம். பிறகு அந்தக் கூடம் பள்ளிகளுக்கு மதிய உணவு செய்துகொடுத்து உருப்பட்டது.

1899 முதல் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிடில் கூட்டிய மனையியல் மாநாடுகள் 1908-இல் ஒரு சங்கமாயின. முதல் தலைவர் அவரே. கோயம்புத்தூரில் 1957-இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி வரை அந்தத் துறையின் கிளைகள் வந்திருக்கின்றன. மனையியல் என்றால் சமையலும் தையலும்தானே என்று சிரிப்பவர்களிடம், அதைத் தொடங்கியவர் ஒரு தண்ணீர் வேதியியலாளர் என்று சொல்லிவைப்பேன்.

நமக்கு அப்படி ஒரு தெருவாரி வரைபடம் கிடையாது. கடல்நீர் உட்புகுதல், சாயக்கழிவு, உப்புப் பாறை என்று குளோரைடு ஏற இங்கே வேறு காரணங்களும் உண்டு. அதனால் உங்கள் கிணற்றின் இயல்பை நீங்களே எழுதிவைத்துக்கொள்வதுதான் வழி. கிணறோ போர்வெல்லோ தோண்டிய கையோடு ஒருமுறை, அப்புறம் ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களிலேயே கட்டணம் கட்டிப் பார்க்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எண் திடீரென்று ஏறினால், எல்லைக்குள் இருந்தாலும், ஏன் என்று கேளுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் சாம்பிள் கொண்டுவர வேண்டாம். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் பாட்டிலை அலசாமல் நிரப்பி, ஐஸில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். ஆர்ஓ விற்க வருபவர் காட்டும், கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் சொல்லும் டிடிஎஸ் மீட்டருக்குக் கிருமியும் தெரியாது, நைட்ரேட்டைப் பிரித்துச் சொல்லவும் தெரியாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கவே கூடாது. கொதிக்கவைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். நீர் ஆவியாகிக் குறையக் குறைய நைட்ரேட்டின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.