கொட்டகை: மாட்டுக்கும் நாடகத்துக்கும் ஒரே சொல்

எங்கள் ஊர்ப் பக்கம் பஸ்ஸில் வந்தால் இன்றைக்கும் கண்டக்டர் "கொட்டாய் எறங்கு, கொட்டாய் எறங்கு" என்று குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் ஒரு கல்யாண மண்டபம், பக்கத்தில் ஓர் உரக்கடை, அவ்வளவுதான். அங்கே இருந்த சினிமாக் கொட்டகையை இடித்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த அக்கா மகள், "மாடு கட்டுற இடத்துக்கா மாமா டிக்கெட் எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன், ஆனால் நல்ல கேள்வி.

கொட்டகை என்ற சொல்லை 'கோஷ்டக' என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி காட்டுகிறது. கோ என்றால் பசு, கோஷ்டம் என்றால் பசு நிற்கும் இடம். (கோஷ்டியும் அதே வேர்தான், ஆக கோஷ்டியாகக் கொட்டகைக்குப் போனவர்கள் இரண்டு தடவை தொழுவத்துக்குப் போயிருக்கிறார்கள்.) இல்லை, கொட்டில், கொட்டம் இவற்றோடு சேர்ந்த நம்முடைய சொல்தான் என்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் மாடுதான் முதலில் வருகிறது. மூங்கில் கால், சாய்ந்த கூரை, மேலே கீற்று. கல்யாணப் பந்தலும் கொட்டகைதான், நாடகம் போட்ட இடமும் கொட்டகைதான், ஏனென்றால் மூன்றையும் வேய்ந்தது அதே கீற்றும் அதே ஆட்களும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனி நாடகம் வந்தது. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி சென்னையில் போய் நடித்ததைப் பார்த்துத்தான் பம்மல் சம்பந்த முதலியாருக்கே தமிழ் நாடகத்தின் மேல் ஆசை வந்தது, 1891இல் சுகுண விலாச சபை என்ற அவருடைய நாடகக் குழுவும் பிறந்தது. கம்பெனிகள் ஓர் ஊரில் கொட்டகை போட்டு உட்கார்ந்தால் வசூல் குறையும்வரை கிளம்பாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்து விடிகிற நேரத்துக்கு முடியும். மைக் கிடையாது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்கும் பாட்டு போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் ராஜபார்ட், அதாவது கதாநாயகன், என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா அப்படிப் பேர் வாங்கியவர்.

எங்கள் அப்பாயி சின்னப் பெண்ணாக இருக்கும்போது பார்த்த ஒரு வள்ளித் திருமணத்தைச் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் வள்ளியின் முகத்தை மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது. முன்னால் ஒரு மூங்கில் கால். "தூணுக்கு இந்தப் பக்கம் முருகன், அந்தப் பக்கம் பபூன், நடுவுல வள்ளி. பாட்டு மட்டும்தான் எனக்கு" என்பார். தரையில் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தும் பார்த்தாராம், பின்னால் இருந்தவள் தலையில் தட்டிக் கலைத்துவிட்டாள்.

அப்புறம் சினிமா. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருளும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக டென்ட் அடித்துக் காட்டினார். நாடகக் கொட்டகைக்குப் போன ஜனம்தானே இதற்கும் வந்தது, பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது: டென்ட் கொட்டாய், டூரிங் கொட்டாய். பிறகு செங்கல், பால்கனி, சுண்ணாம்புப் பூ வேலை செய்த முகப்பு என்று எத்தனை ஆடம்பரமாகக் கட்டினாலும் ஊருக்கு அது கொட்டகைதான். போர்டில் மட்டும் டாக்கீஸ், தியேட்டர்.

சரி, தியேட்டருக்கு நல்ல தமிழ் எது? கிரேக்கத்தில் 'தியேட்ரான்' என்றால் பார்க்கும் இடம், அதாவது பார்ப்பவர் உட்காரும் பக்கம். நாம் வைத்த அரங்கு நேர் எதிர்ப் பக்கம், ஆடுபவர் நிற்கும் இடம். எங்கள் காவிரி டெல்டாவின் கடைக்கோடியில், காவிரி கடலில் கலக்கும் புகாரில், மாதவி ஆடிய அரங்குக்குச் சிலப்பதிகாரம் அளவே கொடுக்கிறது: 24 விரல் ஒரு கோல், அந்தக் கோலால் அகலம் 7, நீளம் 8, உயரம் 1, மேலே விதானம்வரை 4. திரை மூன்று வகை, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. இதில் எனக்குப் பிடித்த இடம், தூணின் நிழல் ஆடுகிற இடத்தில் விழாதபடி விளக்கை வைக்கச் சொல்வது. நிழலுக்கே அத்தனை கவலைப்பட்டிருக்கிறார்கள், அப்பாயிக்கோ தூணே வந்து நின்றது.

அரங்கத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு, ஆற்றுக்கு நடுவில் இருக்கும் திட்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் திருவரங்கத்துக்கு அதனால்தான் அந்தப் பெயர். சுற்றிலும் தண்ணீர், நடுவில் மேடு. நாடக மேடையும் ஜனக்கூட்டத்துக்கு நடுவில் ஒரு மேடுதான், இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

ஆக எழுத்தில் நாடக அரங்கு, திரையரங்கு என்று எழுதலாம், குறை ஒன்றும் இல்லை. பழைய கணக்குப்படி 'அரங்கு நிறைந்தது' என்று போர்டு வைத்தால் மேடை மேல் ஆள் நிறைந்துவிட்டது என்று அர்த்தமாகும், போகட்டும், அந்தச் சொல் இப்போது கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் ஊர்க்கதை எழுதுகிறவர்கள் 1930இல் ஒரு கிழவியைத் திரையரங்குக்கு அனுப்பாதீர்கள். அவள் கொட்டகைக்குப் போனாள், பேசும்போது கொட்டாய்க்கு. கொட்டகை கொச்சை இல்லை, கொட்டாய்தான் அதன் பேச்சு வடிவம்.

அக்கா மகளைக் கொல்லைப் பக்கம் கூட்டிப் போனேன். கொட்டகையை இடித்தபோது சாமான்களை ஏலம் விட்டார்கள், அப்பா ஒரு பெஞ்சு எடுத்துவந்தார். முதுகுப் பலகையில் வெள்ளைப் பெயின்டில் 14 என்ற எண் பாதி தெரியும். மாட்டுக் கொட்டகையில்தான் கிடக்கிறது, அதன் மேல் தவிட்டு மூட்டை.