கண்காணிப்பு அல்ல, வேவு

"பல்கலைக்கழக மாணவர்கள் அரச கண்காணிப்புக்கு உள்ளாகலாம்." மாணவருக்கான இணையப் பாதுகாப்புக் கையேடுகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வருகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கிற பிள்ளை இதை வாசித்தால் விடுதிப் பொறுப்பாளரையோ பரீட்சை மண்டப மேற்பார்வையாளரையோதான் நினைக்கும். ஆங்கிலத்தில் உள்ள சேர்வைலன்ஸ் (surveillance) என்ற சொல்லைத்தான் இங்கே கண்காணிப்பு என்று மொழிபெயர்க்கிறார்கள்; அதன் பொருள் அதுவல்ல.

அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. மேலிருந்து விழித்துப் பார்த்தல் என்று பொருள். கண்காணி நம்முடையது, தோட்டத்துக் கங்காணியும் அதன் திரிபே. கங்காணி ஆட்களின் முன்னால் நின்று பார்ப்பவர். அவர் பார்ப்பது எல்லாருக்கும் தெரியும். டெங்குக் கண்காணிப்பு என்று எழுதுங்கள், இரணைமடு நீர்மட்டக் கண்காணிப்பு என்றும் எழுதுங்கள், பிழையில்லை. ஆனால் ஒரு மாணவி யாரோடு எத்தனை மணிக்குப் பேசினாள், அவளுடைய தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருந்தது, நினைவேந்தலில் பக்கத்தில் நின்றவர் யார் என்று அவளுக்குத் தெரியாமல் திரட்டுவதற்கும் அதே சொல்லா? அப்படி எழுதினால் அது ஏதோ அவளுடைய நன்மைக்கான ஏற்பாடு போலாகிவிடும். 1979 முதல் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிற நாட்டில், இப்படிச் சேர்த்த பெயர்ப்பட்டியல் கைதில் போய் முடியலாம்.

இதற்குரிய சொல் வேவு. தொல்காப்பியத்தின் "ஒற்றின் ஆகிய வேயே" என்பதில் உள்ள, ஒற்றறிதலைக் குறிக்கும் வேய்தான் அதன் உறவு. "அது போர்க்காலச் சொல், மாணவருக்கு ஒட்டாது" என்கிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். தலைக்கு மேல் இரைந்த வேவு விமானத்தை வண்டு என்று அழைத்த வன்னிச் சனத்துக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. விளங்குகிற சொல் கையில் இருக்க, மழுப்புகிற சொல்லைத் தேடி எடுப்பது மொழிபெயர்ப்பே அல்ல.

உளவு வேறு. வேவு ஆளைப் பின்தொடரும், உளவு இரகசியத்தைத் தேடும். சீனாவில் படித்த அமெரிக்கர் கிளென் டஃபி ஷ்ரைவர், கட்டுரை கேட்ட ஒரு விளம்பரத்துக்குப் பதில் போட்டார். முதற்கட்டுரைக்கு 120 டொலர். பிறகு, விளம்பரத்தின் பின்னால் இருந்த சீன உளவுத்துறையினர், அமெரிக்க அரச வேலைக்கு விண்ணப்பி என்றார்கள். கைக்கு வந்தது மொத்தம் 70,000 டொலர். 2011இல் 4 ஆண்டுச் சிறை. அவரிடம் அன்று எந்த இரகசியமும் இல்லை, நாளை அவர் இருக்கப்போகும் கதிரைக்குத்தான் அந்த விலை. மாணவரைக் குறிவைப்பதன் காரணம் இதுதான். இப்படி ஆள்பிடிப்பதைப் 'புலனாய்வு' என்றும் எழுதுகிறார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் வழக்கு விசாரிக்கிற இடம். களவாக ஆள்பிடிப்பதற்கு அந்தப் பெயர் வேண்டாம்.

கையேட்டு வரியை இப்படி மாற்றலாம்: "பிற நாட்டார் மாணவரை உளவுக்கு ஆள்பிடிக்கலாம்; அரசு அவரை வேவு பார்க்கலாம்."