திறன்: ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் இருந்திருக்க வேண்டிய சொல்

தங்கை மகன் கடந்த வாரம் ஹெட்போனுக்கென்று ஓர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்தான். பெட்டியின் பக்கவாட்டில் தமிழில் ஒரு வரி: '2 வாட் ஒலிச் சக்தி'. இந்தச் 'சக்தி'யைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. வாட்டால் அளப்பது திறன். அது ஒலியின் அளவும் அல்ல. ஹெட்போனுக்குள் நொடிக்கு எவ்வளவு மின்னாற்றலைச் செலுத்த முடியும் என்ற அளவு.

திறம் என்பதன் மறுவடிவம் திறன், அறம் அறன் ஆவதுபோல. குறளிலேயே 'திறனறிந்து' என்று வருகிறது. இயற்பியலில், ஒரு நொடியில் செலவாகும் ஆற்றல் திறன். நொடிக்கு 1 ஜூல் என்றால் 1 வாட்.

சக்திக்கும் 'இயலுதல்' என்பதுதானே வேர்ப்பொருள், அதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார்கள். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. புவியீர்ப்பு சக்தி என்கிறோம். அங்கே அது விசை. அணுசக்தி என்கிறோம், அங்கே அது ஆற்றல். குதிரை சக்தி என்றால் திறன். மூன்று வெவ்வேறு அளவுகளை ஒரே சொல்லின் தலையில் கட்டிவிட்டு, எதை எதால் வகுப்பது? திறன் என்றால் திறமை என்று புரிந்துகொள்வார்கள் என்பது அடுத்த வாதம். பம்ப்செட்டுக்கு 5 குதிரைத்திறன் மோட்டார் வாங்கும் எந்த விவசாயியும் குதிரையின் சாமர்த்தியத்தை நினைத்துக்கொண்டு வாங்குவதில்லை. பள்ளிப் பாடநூலில் விசை, ஆற்றல், திறன் மூன்றும் தனித்தனியே இருக்கின்றன. மொழிபெயர்ப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

சக்தி என்றதும் கூடக்கூட நல்லது என்று மனம் நம்பிவிடுகிறது. பையனும் அப்படித்தான் நம்பியிருந்தான். திறன் என்றால் எவ்வளவு தேவை என்ற கேள்வி தானாக எழும். அவனிடம் இருப்பது சென்ஹைசர் ஹெச்டி 650 ஹெட்போன். மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 300 ஓம். 1 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி. இசை உச்சத்துக்கு எழும் கணங்களுக்கு 110 டெசிபல் தாராளம். கூடுதல் 7 டெசிபலுக்கு மின்னழுத்தம் 2.24 வோல்ட் ஆக வேண்டும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் திறன்; இங்கே 300ஆல் வகுத்தால் சுமார் 17 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டை ஆயிரமாகப் பிரித்ததில் 17 பங்கு. 80 டெசிபலில் சாதாரணமாகக் கேட்கும்போது ஒரு மில்லிவாட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூடச் செலவாவதில்லை. ஹைஃபைமேன் ஹெச்இ-6 போன்ற ஹெட்போன்கள் வேறு வகை: 50 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான். அதே 110க்கு அது ஏறக்குறைய 450 மில்லிவாட் கேட்கும்.

அந்த 2 வாட் எத்தனை ஓமுக்கு என்றும் பெட்டியில் இல்லை. 32 ஓமுக்கு என்றால் மின்னழுத்தம் 8 வோல்ட். அதே 8 வோல்ட் 300 ஓமில் தருவது 213 மில்லிவாட். பையன் கைபேசியில் வகுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பி ஓமைத் தேடினான்.