வாரம் ஒரே நாள் மாத்திரை: முடக்குவாதம் எப்படி அடங்குகிறது?

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கவில்லை. சட்டைப் பொத்தான் போடும் அளவுக்குக் கை தளர ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு கைகளிலும் விரல் உள்ளங்கையோடு சேரும் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கியிருக்கின்றன. ஆறு வாரத்துக்கு மேல் இது நீடித்தால் முடக்குவாதத்தை (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) சந்தேகிக்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் வேறு. அதில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். நகத்தை ஒட்டிய கடைசிக் கணுவும் பாதிக்கப்படும். முடக்குவாதம் அந்தக் கணுவைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதுதான் இந்த நோய். சவ்வு தடித்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பின் ஓரத்தை அரிக்கும். அரிக்கப்பட்ட எலும்பு பழையபடி ஆகாது என்பதால், அறிகுறி தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சை ஆரம்பிப்பது முக்கியம். இந்த நோயில் ரத்தத்தில் தேடப்படும் ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற எதிர்ப்புப் புரதம் இல்லை என்று வந்ததை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இருபது, முப்பது சதவீத நோயாளிகளுக்கு அது இருக்காது. நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்கோ இருக்கும். ஆன்டி சிசிபி என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை இதைவிட நம்பகமானது.

டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும், அரிப்பை நிறுத்தாது. அதை நிறுத்த முதலில் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கும் தரும் மருந்துதான். ஆனால் இங்கே அளவு மிகக் குறைவு. 7.5 முதல் 15 மில்லிகிராம் வரை ஆரம்பித்து, தேவைப்பட்டால் 25 வரை உயர்த்துவார்கள். சாப்பிட வேண்டியது வாரத்தில் ஒரே ஒரு நாள். இந்த மருந்தில் நடக்கும் மிகப் பெரிய விபத்து, அதைத் தினமும் விழுங்கிவிடுவது. வாயில் புண் வரும், பிறகு எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவது குறையும், உயிரே போகலாம். எனவே கிழமையைச் சீட்டில் எழுத்தால் எழுதி வாங்குங்கள், மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். 2.5, 7.5, 10 மில்லிகிராம் என்று பல அளவுகளில் கிடைப்பதால், கடையில் தரும் மாத்திரையின் அளவு மாறினால் போட வேண்டிய எண்ணிக்கையும் மாறும். ஒவ்வொரு முறையும் அட்டையைப் படித்துப் பாருங்கள்.

மறந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் என்றால் போட்டுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான கிழமையில் தொடர வேண்டும். இரட்டிப்பு அளவு கூடவே கூடாது. குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்க, வேறொரு நாளில் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் தருவார்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். இரண்டாவது வாரத்தில் 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்துபவர்கள் மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே அதைக் கைவிடுகிறார்கள். முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை வேண்டும். மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், கடும் வாந்திபேதியில் நீர்ச்சத்து குறையும்போது உடலில் தேங்கிவிடும். அந்த வாரம் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. கோ-ட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லியோடு சேர்வது ஆபத்து. மது வேண்டாம். கருவைப் பாதிக்கும் மருந்து இது. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதபோது ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலாசின், லெஃப்லூனமைட் போன்ற மாத்திரைகள் சேரும். அதற்கும் அடங்காவிட்டால் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசிகள். மூட்டில் வீக்கத்தைத் தூண்டும் இந்தப் புரதம்தான் காசநோய்க் கிருமியையும் கட்டிவைக்கிறது. அதைத் தடுத்தால் உள்ளே உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் கேட்பது அதனால்தான்.

ஸ்டீராய்டுக்கு வருவோம். 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர் ஃபிலிப் ஹெஞ்ச் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை முதன்முதலில் முடக்குவாத நோயாளிக்குத் தந்தபோது நடக்க முடியாதவர் சில நாளில் நடந்தார். 1950-இல் ஹெஞ்சுக்கு நோபல் கிடைத்தது. நீண்டகாலத் தீங்கு பிறகுதான் தெரிந்தது. இன்று மெத்தோட்ரெக்சேட் பிடிக்கும் வரை பாலமாகக் குறைந்த அளவில், சில வாரம் மட்டுமே தருகிறார்கள். 'ஒரே நாளில் வலி போகும்' என்று விற்கும் பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளம். ஆனால் பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளைச் சாய்த்துவிடும். மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சாப்பாட்டில் நம் ஊரில் பத்தியம்தான் அதிகம்: புளி ஆகாது, தயிர் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, பருப்பு ஆகாது. இவை எதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை. பருப்பை விடச் சொல்வது யூரிக் அமில வாதத்தோடு இதைக் குழப்புவதால் வருகிறது. புரதம் குறைந்தால் ஏற்கனவே மெலிந்த தசை இன்னும் மெலியும். உதவுவது மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீன்கள்: வாரத்துக்கு இரண்டு முறையாவது குழம்பாக வைக்கலாம். வலி மாத்திரைத் தேவையைக் குறைக்க ஆய்வுகளில் பயன்பட்ட ஒமேகா-3 அளவு, நாளொன்றுக்குச் சுமார் 3 கிராம். உணவில் மட்டும் அதை எட்டுவது கடினம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கால்சியம் முக்கியம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும், மருந்துக்கு மாற்றாக வேண்டாம். உடல் எடை கூடினால் மருந்தின் பலன் குறையும். புகைப்பழக்கம் நோயைத் தூண்டுவதோடு சிகிச்சையையும் கெடுக்கும்.

வீங்கிய மூட்டுக்கு ஓய்வு தரலாம், ஆனால் முழுவதுமாக அசையாமல் வைத்தால் இறுகிவிடும். வெந்நீரில் கையை நனைத்து, விரல்களை மெதுவாக முழுவதும் மடக்கி நீட்டுவதைத் தினம் இரண்டு வேளை செய்யுங்கள். துணி பிழிவதைத் தவிர்த்து, தோய்த்ததை அப்படியே சொட்டச் சொட்டக் காயப்போடலாம். குக்கரை இரண்டு கையாலும் தூக்குங்கள். புட்டி மூடியை விரலால் அல்லாமல் உள்ளங்கையால் அழுத்தித் திருப்புங்கள். கரண்டிக் கைப்பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கினால் பிடிக்க வலிக்காது. நீண்டநாள் நோயாளிக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலும் தளர்ச்சி வரலாம் என்பதால், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருத்துவரிடம் இந்த நோய் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.