லாபம் வந்தால் எங்கே போகும்? மோண்ட்ராகன் கூட்டுறவுகளின் கணக்கு

கூட்டாகத் தொழில் தொடங்க வருகிறவர்கள் ஆடிட்டரான என்னிடம் முதலில் கேட்பது வரி எவ்வளவு வரும், ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும் என்பதுதான். லாபம் வந்தால் அதை என்ன செய்வதாக உத்தேசம் என்று நான் கேட்டால், "முதல்ல வரட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். பணம் வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும். இதை விளக்க நான் எடுத்துக்காட்டுவது, வடக்கு ஸ்பெயினில் பாஸ்க் பகுதியின் கிபுஸ்கோவா மாகாணத்தில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் மோண்ட்ராகன் என்ற ஊரையும், அங்கே தொழிலாளர்களே முதலாளிகளாக நடத்தும் கூட்டுறவுக் குழுமத்தையும்.

உள்நாட்டுப் போரில் தோற்ற பகுதி அது. வறுமை, அதோடு சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியின் கெடுபிடி. 1941இல் அங்கு வந்த ஹோசே மரியா அரிஸ்மெந்தியரியெத்தா என்ற இளம் பாதிரியார், ஊராரிடம் பணம் திரட்டி 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஐந்து பேர் 1956இல் உல்கோர் என்ற பட்டறையில் மண்ணெண்ணெய் அடுப்பு செய்ய ஆரம்பித்தார்கள். இன்று அந்தக் குழுமத்தில் சுமார் 80 கூட்டுறவுகள், 70,000 பேர் அளவில் வேலை.

பாதிரியாரின் நல்ல மனசு, பாஸ்க் மக்களின் ஒற்றுமை என்று இதைச் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதெல்லாம் உண்மைதான், ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் செல்வம் தங்கியதற்குக் காரணம் கணக்கு எழுதும் முறை என்றுதான் நான் நினைக்கிறேன். உறுப்பினராகச் சேருகிறவர் தன் பங்குக்கு ஒரு கணிசமான தொகை போட வேண்டும், கையில் இல்லையென்றால் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். மாதம் வாங்குவது சம்பளமாக அல்ல, வரப்போகும் லாபத்தின் முன்பணமாகக் கணக்கில் ஏறும். ஆண்டு முடிவில் லாபம் நின்றால், பாஸ்க் கூட்டுறவுச் சட்டப்படி குறைந்தது 20 சதவீதம் யாருக்கும் பிரித்துத் தராத பொதுக் காப்பு நிதிக்கும் 10 சதவீதம் கல்வி, சமூகப் பணிகளுக்கும் போகும். மீதியில் பெரும்பகுதி உறுப்பினர் பெயரிலேயே வரவு வைக்கப்படும், ஆனால் கையில் வராது. வட்டி கிடைக்கும், அசலை ஓய்வு பெறும்போதோ விலகும்போதோதான் எடுக்கலாம். அதுவரை அந்தப் பணம் புது இயந்திரமாக, புதுப் பட்டறையாக ஊரிலேயே இருக்கும்.

1959இல் தொடங்கிய அவர்களுடைய வங்கி காஹா லபோரால் மக்களிடம் வைத்த கேள்வியே "சேமிப்புப் புத்தகமா, பெட்டியா?" என்பதுதான். இங்கே சேமியுங்கள், இல்லையென்றால் பிழைப்புக்குப் பெட்டி கட்டுங்கள் என்று பொருள். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் அடுத்தடுத்த கூட்டுறவுகளுக்குக் கடன் கொடுத்தார்கள், கடனோடு சேர்த்து திட்டம் தேறுமா என்று பார்த்துச் சொல்லும் ஆட்களையும் கொடுத்தார்கள். உறுப்பினர்கள் சுயதொழில் செய்பவர்கள், ஆகவே ஓய்வூதியம் போன்ற சமூகப் பாதுகாப்பு கிடையாது என்று அரசு கைவிரித்தபோது லகுன் ஆரோ என்ற சொந்தக் காப்பு நிதியை உருவாக்கிக்கொண்டார்கள். மேல் சம்பளம் ஆரம்பத்தில் கீழ்ச் சம்பளத்தைப் போல 3 மடங்குக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள், பிறகு அது 6 மடங்கு வரை தளர்ந்தது. ஸ்பெயினின் மற்ற பல பகுதிகளைவிட கிபுஸ்கோவாவில் வேலையின்மை குறைவாக இருப்பதில் இதற்கெல்லாம் பங்கு இருக்கிறது.

சரி, இவ்வளவு சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உல்கோரில் இருந்து வளர்ந்த ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம் 2005இல் பிரான்ஸின் பிராண்ட் (Brandt) என்ற வீட்டுச் சாதன நிறுவனத்தைப் பெரிய கடனோடு வாங்கியது. 2008இல் ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் சரிந்ததும் அடுப்பும் பிரிட்ஜும் விற்கவில்லை. குழுமத்தின் மற்ற கூட்டுறவுகள் பணம் போட்டுத் தாங்கிப் பார்த்தன, 2013இல் இனி முடியாது என்று நிறுத்திவிட்டன, ஃபாகோர் திவாலானது. வேலை இழந்த உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு மற்ற கூட்டுறவுகளில் இடமோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. எந்தத் தனியார் கம்பெனி மூடினாலும் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் பெயரில் வரவு வைத்திருந்த மூலதனம் போய்விட்டது. ஓய்வு பெற்ற பிறகும் நம்பி அங்கேயே கடனாக விட்டு வைத்திருந்தவர்களின் பணமும் சிக்கிக்கொண்டது. வேலையும் சேமிப்பும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும்.

இன்னொரு குறையும் எனக்கு உறுத்துகிறது. வெளிநாடுகளில் வாங்கிய ஆலைகளில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் வெறும் ஊழியர்கள்தான், உறுப்பினர்களைப் போல அவர்களுக்கு நிறுவன முடிவுகளில் ஓட்டு கிடையாது. பள்ளத்தாக்குக்குள் ஒரு நியாயம், வெளியே வேறொரு நியாயம் என்று இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் கூட்டாகத் தொழில் செய்ய வருகிறவர்களிடம் இப்போது மூன்று விஷயங்களைத் துணைவிதியில் எழுத்தாக எழுதச் சொல்கிறேன்: லாபத்தில் எத்தனை சதவீதம் எதற்குப் போகும், விலகுகிறவரின் பணம் எத்தனை மாதத்தில் எந்தத் தவணையில் திரும்பும், ஒரு வரம்புக்கு மேல் கடன் வாங்க எத்தனை பேர் ஓட்டுப் போட வேண்டும். அப்புறம், விதிப்படி போட வேண்டிய பங்குத் தொகைக்கு மேல் வீட்டுச் சேமிப்பில் ஒரு ரூபாய்கூட உள்ளே போடாதீர்கள். மகள் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கிய பணத்தைக் கொண்டுவந்து "நம்ம கம்பெனிதானே" என்று கொடுக்கிறவரை ஒவ்வொரு முறையும் நான் திருப்பி அனுப்புவது இதனால்தான்.