'ஐ' வந்தால் 'ஆம்' வரவேண்டும் என்று யார் சொன்னது?

"ஐ ஆம் அக்ரீ" என்று எழுதிய விண்ணப்பக் கடிதம் இன்னும் ஒன்று மேசைக்கு வந்துவிட்டது. எழுதியவர் பட்டதாரி, பள்ளியிலேயே பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தவர். கோபம் அவர்மேல் இல்லை. சின்ன வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கூட்டமாக ஒப்பிக்கவைத்த அந்த அட்டவணைமேல்தான். ஐ என்றால் ஆம். ஹீ, ஷீ, இட் என்றால் இஸ். வீ, யூ, தே என்றால் ஆர்.

அட்டவணையில் பொய் இல்லை. வாக்கியத்தில் 'பீ' (இரு) என்ற வினை இருந்தால் எழுவாய்க்கு ஏற்ப அது எப்படி உருமாறும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. பிள்ளைகள் மனத்தில் பதிவதோ வேறு: 'ஐ' எழுதினால் ஒட்டினாற்போல 'ஆம்' எழுத வேண்டும்! தமிழில் 'நான்' என்றால் வினை 'ஏன்' என்று முடிந்தாக வேண்டும், வந்தேன், வருவேன். அந்தப் பழக்கத்தில் 'ஆம்' என்பதையும் ஒரு விகுதியாக நினைத்துக்கொள்கிறார்கள். அது விகுதி அல்ல, தனி வினைச்சொல். 'இருக்கிறேன்' என்பது அதன் பொருள். 'அக்ரீ' இன்னொரு வினை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் "இருக்கிறேன் சம்மதிக்கிறேன்" என்று சொன்ன மாதிரி. "ஐ அக்ரீ" போதும்.

'ஆம்' பின்னால் எதெல்லாம் வரலாம்? நீங்கள் யார் என்பது வரலாம்: "ஐ ஆம் எ நர்ஸ்". எப்படி இருக்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள் என்பது வரலாம்: "ஐ ஆம் டயர்ட்", "ஐ ஆம் அட் ஹோம்". 'இங்' சேர்த்த வினை வரலாம். "ஐ ஆம் இன்வைட்டட்" போலச் செயப்பாட்டு வினை வரலாம். கோ, கம், நோ ('தெரியும்' என்ற பொருளில்), அக்ரீ என்று வெறும் வினை மட்டும் வரவே வராது. "ஐ வாஸ் வென்ட்" என்பதும் இதே நோய்தான். 'வென்ட்' என்ற சொல்லுக்குள்ளேயே இறந்தகாலம் இருக்கிறது. அதற்கு 'வாஸ்' எதற்கு?

காலம் காட்டும் வேலையை ஒரு வினைக்கூட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் செய்யும், அதுவும் முதலில் நிற்கும் சொல். "ஷீ நோஸ்" என்பதில் அந்த 'எஸ்' 'நோ'வோடு ஒட்டியிருக்கிறது. கேள்வியாக்க 'டூ' வந்ததும் 'எஸ்' அதனிடம் போய்விடும்: "டஸ் ஷீ நோ?" "டஸ் ஷீ நோஸ்?" என்று இரண்டு இடத்தில் வைக்க இருப்பது ஒரே 'எஸ்'. "டிட் நாட் வென்ட்" தவறு என்பதற்கும் காரணம் இதுவே. இறந்தகாலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டுவிட்டது, மிச்சம் 'கோ'தான். கேன், வில், ஷுட், மஸ்ட் ஆகியவற்றுக்கு 'எஸ்' கிடையாது, அடுத்து வருவதும் வெறும் வினையே: "ஹீ கேன் ஸ்பீக்". (இந்த 'டூ' ஆதியிலிருந்தே ஆங்கிலத்தில் இப்படி இருந்ததில்லை. "நோ யூ?", "ஐ நோ நாட்" என்றுதான் முன்பு சொன்னார்கள். 1500-க்கும் 1700-க்கும் இடையில்தான் 'டூ' இந்த வேலைக்கு நிலைத்தது.)

அடுத்தது "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்". இதன் வேர் தமிழில் இருக்கிறது. "எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்பதில் 'கிறார்கள்' இருக்கிறதே, அதை 'இங்' என்று பெயர்க்கிறோம். நம் 'கிறேன்' இரண்டு வேலை செய்யும். "தினமும் ஆறு மணிக்கு எழுகிறேன்" என்பது வழக்கம். "இப்போது சாப்பிடுகிறேன்" என்பது நடந்துகொண்டிருப்பது. ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவிடும்: "ஐ கெட் அப் அட் சிக்ஸ்", "ஐ ஆம் ஈட்டிங்". ஐயம் வந்தால் 'கிறேன்' இடத்தில் 'கொண்டிருக்கிறேன்' போட்டுப் பாருங்கள். "எனக்குத் தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்" என்று யாரும் சொல்லமாட்டோம். ஆகவே "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்". நோ, வான்ட், பிலீவ், பிலாங் எல்லாம் இந்தக் கட்சி. 'ஹேவ்' உடைமையைக் குறிக்காமல், சாப்பிடுவது போன்ற ஒரு செயலைக் குறித்தால் "ஐ ஆம் ஹேவிங் லன்ச்" சரி.

அலுவலக மின்னஞ்சல்களில் 'ஹேட்' படும் பாடு சொல்லி மாளாது. "நேற்று அனுப்பியிருந்தேன்" என்பதை அப்படியே "ஐ ஹேட் சென்ட் இட் எஸ்டர்டே" என்று எழுதுகிறார்கள். "ஐ சென்ட் இட் எஸ்டர்டே" என்று எழுதுங்கள். கடந்துபோன ஒன்றுக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லத்தான் 'ஹேட்': "ஹீ கால்டு அட் டென், பட் ஐ ஹேட் சென்ட் இட் பை தென்". 'எஸ்டர்டே' இருந்தால் 'ஹேவ் சென்ட்'டும் கூடாது.

இனிப் பிரதிப்பெயர்கள், அதாவது ஐ, ஹீ, தே போலப் பெயருக்குப் பதிலாக வரும் சொற்கள். 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்று தெரிகிறது, 'நான்' தேவையில்லை. 'கேம்' என்றால் நானா, அவளா, அவர்களா? சொல்லுக்குள் எந்தத் தடயமும் இல்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுவாயை விழுங்கக்கூடாது. சொல்ல ஆளே இல்லாத இடத்திலும் 'இட்' வந்து நிற்கும்: "இட் இஸ் ரெயினிங்", "இட் இஸ் ஃபைவ்".

மரியாதைக்காக அப்பாவை 'தே' என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். 'அவர்கள்' என்ற நினைப்பில் வருவது. ஆங்கிலத்தில் அப்பா 'ஹீ'தான், நாட்டின் மன்னரும் 'ஹீ'தான்; அதில் அவமரியாதை துளியும் இல்லை. முன்னிலையில் ஒரு காலத்தில் ஆங்கிலத்துக்கும் நீ, நீங்கள் உண்டு. 'தவ்' நீ, 'யூ' நீங்கள். 'தவ்' பொதுவழக்கிலிருந்து மறைந்து 'யூ' மட்டும் நின்றது. எதிரே ஒருவரே இருந்தாலும் "யூ ஆர்", "யூ வேர்" என்று பன்மை வினை வருவது அதனால்தான்.

தமிழ் கைகொடுத்து ஆங்கிலம் காலை வாரும் இடம் ஒன்றும் உண்டு. "தான் தேறவில்லை என்று ரவி, குமாரிடம் சொன்னான்" என்றால் தேறாதவன் ரவி, 'தான்' காட்டிக்கொடுத்துவிடுகிறது. "ரவி டோல்ட் குமார் தட் ஹீ ஹேட் ஃபெயில்டு" என்பதில் ஃபெயிலானது யார்? இரண்டு ஆண்கள் வரும் வாக்கியத்தில் கூச்சப்படாமல் பெயரை மறுபடி எழுதுங்கள். பண விவகாரம், புகார்க் கடிதம் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

"பிட்வீன் யூ அண்ட் ஐ" என்று எழுதுகிறவர்கள் 'மீ' என்பது மரியாதைக்குறைவு என்று நம்புகிறார்கள். வினைக்கு முன்னால் எழுவாயாக நின்றால் ஐ, ஹீ, ஷீ, வீ, தே. வினைக்கோ 'டு', 'ஃபார்', 'பிட்வீன்' போன்ற சொற்களுக்கோ பின்னால் வந்தால் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம். யூ, இட் இரண்டும் மாறாது. "ஹீ கால்டு ரமேஷ் அண்ட் ஐ" சரியா என்று குழப்பமா? ரமேஷை நீக்கிவிட்டுப் படியுங்கள். "ஹீ கால்டு ஐ" என்று வாயில் வராது.

நாளைக்கு நேர்முகத் தேர்வு இருக்கிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். "மைசெல்ஃப் கார்த்திக்" என்று ஆரம்பிக்காதீர்கள். 'மைசெல்ஃப்' எழுவாயாக நிற்காது. "ஐ ஹர்ட் மைசெல்ஃப்" என்பதுபோல, செய்தவரும் செயலுக்கு ஆளானவரும் ஒருவரே என்னும்போது வரும். "ஐ டிட் இட் மைசெல்ஃப்" என்று அழுத்திச் சொல்லவும் வரும். கதவைத் திறந்து உள்ளே போய், "குட் மார்னிங், ஐ ஆம் கார்த்திக்" என்று சொல்லுங்கள். 'ஆம்' வரவேண்டிய இடம் அது.