புகார் எண் இருக்கிறது, வழக்கு இல்லை

சென்ற வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். கையில் தடித்த கோப்பு. எல்லாமே தேதி வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. இப்படிப்பட்ட கோப்பைப் பார்த்தால் எந்த வழக்கறிஞருக்கும் மனம் குளிரும். கடைசித் தாளைப் புரட்டியதும் எனக்கு வயிறு எரிந்தது.

2022 ஆகஸ்டில் மகள் திருமணத்துக்குச் சீராகக் கொடுக்க ‘அசல் தேக்கு’ என்று சொல்லி விற்ற கட்டில், அலமாரி செட்டை 84,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். அடுத்த பொங்கலுக்குள் கட்டிலின் அடியில் மாவு கொட்டத் தொடங்கிவிட்டது. சம்பந்தி வீட்டில் எப்படிப் பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிப்ரவரி 2023இல் ஒரு தச்சரை அழைத்துக் காட்டியபோது அவர் சட்டத்தின் ஓரத்தை இழைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இதில் தேக்கின் வாசமே இல்லை, ரப்பர் மரத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டார்.

கடைக்காரர் மறுக்கவில்லை. அதுதான் சிக்கலே. முதலில் பூச்சி மருந்து அடிக்க ஆள் அனுப்பினார். பிறகு ஆடி விற்பனை முடியட்டும் என்றார். தீபாவளி முடியட்டும் என்றார். 2024இல் நாடாளுமன்றத் தேர்தல் வந்ததும், பறக்கும் படை நிற்கிறது, இப்போது பணமாக எடுத்து வர முடியாது என்றார். இடையில் ஆசிரியர் சும்மா இருக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தார். பதிவுத் தபாலில் மூன்று கடிதம் அனுப்பினார். தெரிந்த வழக்கறிஞர் மூலம் நோட்டீஸும் விட்டார். வழக்கு மட்டும் போடவில்லை. என்னிடம் வந்தது ஜூன் 2025.

“நான்தான் விடாமல் புகார் கொடுத்திருக்கிறேனே, வக்கீல் சார்” என்றார்.

இந்த வாக்கியத்தை மாதம் நான்கு முறையாவது கேட்கிறேன். பொறுமையாகவே சொல்லிப் பார்க்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 69. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் ஆகியிருக்க வேண்டும். ஆணையத்தில். கடையின் வாடிக்கையாளர் சேவையில் அல்ல, நிறுவனத்தின் மின்னஞ்சலில் அல்ல, 1915இல் அல்ல. உதவி எண் நல்ல ஏற்பாடு, நானே பலரை அங்கே அனுப்புகிறேன். வழக்குக்குப் போகாமலே பல தகராறுகள் அங்கே தீர்கின்றன. ஆனால் அது சமரசத்துக்கான வழி. அங்கே கிடைக்கும் எண் புகார் எண், வழக்கு எண் அல்ல. நோட்டீஸும் அப்படித்தான். நுகர்வோர் வழக்குக்கு முன் நோட்டீஸ் அனுப்பியே தீர வேண்டும் என்றுகூடச் சட்டம் சொல்லவில்லை. அனுப்புவது நல்ல வழக்கம், அவ்வளவே. ஒன்றுக்குப் பத்து நோட்டீஸ் அனுப்பினாலும் ஓடுகிற காலம் ஒரு நாள்கூட நிற்காது. கடைக்காரர் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டிருக்கும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சிலர் அதற்காகவே இனிக்கப் பேசுகிறார்கள் என்பது என் சந்தேகம். (நோட்டீஸ் மேல் நோட்டீஸ் விட்டுக் கட்சிக்காரரை உட்கார வைத்துவிடும் சக வழக்கறிஞர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.)

எதிர்த்தரப்பு காலவரம்பைப் பற்றி வாய் திறக்கவில்லையே, தப்பிவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். முடியாது. யாரும் கேட்காவிட்டாலும் ஆணையமே அதை முதலில் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு அது. அங்கும் இதே இரண்டு ஆண்டுதான்.

சரி, இரண்டு ஆண்டை எந்த நாளிலிருந்து எண்ணுவது? மனுவில் நாங்கள் ‘வியாஜ்ஜிய மூலம்’, அதாவது வழக்குக்கான காரணம் எப்போது, எப்படி எழுந்தது என்று ஒரு பத்தி எழுதுவோம். பாதி வழக்கு அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. வாங்கும்போதே கண்ணுக்குத் தெரிகிற குறை என்றால் பொருள் கைக்கு வந்த நாள். உள்ளே மறைந்திருந்த குறை என்றால் அது தெரியவந்த நாள் என்று வாதிடலாம். ஆசிரியரின் வழக்கில் கடைத்தரப்பு விற்ற தேதியான ஆகஸ்ட் 2022ஐப் பிடித்துக்கொள்ளும். நான் தச்சர் சொன்ன பிப்ரவரி 2023ஐப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நாளுக்கு என்ன சாட்சி? நல்லவேளையாக அன்று மாலையே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி அனுப்பியிருக்கிறார். அப்படிக் கணக்கிட்டாலும் நான்கு மாதம் தாண்டிவிட்டது.

வாரண்டி பற்றியும் ஒரு வார்த்தை. பத்து ஆண்டு வாரண்டி என்றால் பத்து ஆண்டு வரை நிதானமாக வழக்குப் போடலாம் என்று பொருளல்ல. நான்காம் ஆண்டில் குறை வந்து, நிறுவனம் சரிசெய்ய மறுத்தால், அங்கிருந்து இரண்டு ஆண்டு. வாரண்டி முடிந்த மறுநாளே உரிமை செத்துவிடும் என்பதும் தவறு. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வீடு திரும்புகிறவர்களுக்கும் சொல்கிறேன். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. பில்லில் வேறு கெடு இல்லையென்றால் அதற்கு 30 நாள்.

இரண்டு ஆண்டு தாண்டியவர்களுக்கு எல்லாக் கதவும் மூடிவிட்டதா? இல்லை. தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றைச் சேர்த்துப் போடலாம். போதுமான காரணம் வேண்டும். ஆணையம் அந்தக் காரணத்தை எழுத்தில் பதிந்துதான் மன்னிக்க முடியும். மருத்துவமனையில் கிடந்தேன் என்றால் டிஸ்சார்ஜ் சுருக்கம் காட்டலாம். “கடைக்காரரை நம்பினேன்” என்பதற்கு என்ன தாளைக் காட்டுவது?

எதிர்த்தரப்புக்கும் கெடு உண்டு என்பது எங்கள் தொழிலில் ஒரு சின்ன ஆறுதல். ஆணையத்தின் நோட்டீஸ் மனு நகலோடு கையில் கிடைத்த 30 நாளில் பதிலுரை தர வேண்டும், கேட்டால் இன்னும் 15 நாள். அதற்குமேல் ஆணையம் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது. பெரிய பெரிய நிறுவனங்கள் 46ஆம் நாள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

தயவுசெய்து பில் வாங்குங்கள். ‘எஸ்டிமேட்’ என்று எழுதிய துண்டுத்தாள் பில் அல்ல. ‘தேக்கு’ என்று வாயால் சொன்னால் ‘தேக்கு’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆசிரியரின் பில்லில் ‘மரக்கட்டில் செட் 1’ என்றுதான் இருக்கிறது. வெப்பத்தாளில் அச்சான பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே நகல் எடுங்கள். குறை தெரிந்த நாளைக் காலண்டரில் குறித்து, ஆறு மாதம் மட்டும் பேச்சுவார்த்தைக்கு ஒதுக்குங்கள். அதற்குமேல் பேசுவதாக இருந்தால் வழக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். யாரும் தடுக்கவில்லை, சமரசம் அப்போதும் ஆகலாம். செலவுக்குப் பயப்படாதீர்கள்: கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதைச் சொல்வதால் எனக்கு நட்டம்தான்.

இன்னொன்று, பொருளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மரம் என்ன மரம் என்று ஆய்வுக்கு அனுப்ப வேண்டிவந்தால் எதை அனுப்புவது? ஆசிரியரின் மகள் வீட்டில் கட்டில் இன்னும் மாடியில் தார்ப்பாயின் கீழ் கிடக்கிறதாம். அலமாரியை மட்டும் பழைய சாமான்காரருக்குப் போட்டுவிட்டார்கள்.

தாமத மன்னிப்பு மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்வோம் என்று சொல்லி வக்காலத்தில் கையெழுத்து வாங்கினேன். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். கடைக்காரர் நேற்றும் பேசினாராம். இந்த ஆடி மட்டும் முடியட்டும் என்றாராம். அதுவரை பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.